கழற்ற முடியாத மூலை

வெல்டிங் கடை வேம்புலி இரும்புத் தூணில் ஓட்டை போடுவதைப் பார்த்ததும்தான் ஜெகதாம்பாளுக்குச் சந்தேகம் தட்டியது. பட்டாபிராமில் அவள் தெருவில் மொட்டை மாடியில் யார் அறை எழுப்பினாலும் வெல்டிங் பொறி பறக்கும். இவள் மாடியில் மட்டும் துளி நெருப்பைக் காணோம்.

"இன்னாடா, பத்த வைக்காம ஓட்டையா போட்டுகினு கீற?"

"ஒம் புள்ளதான் சொல்ச்சு யக்கா. எல்லாம் நட்டு போல்ட்டு. நாளைக்கு அப்படியே கயட்டிகினு போய் வேற எடத்துல மாட்டிக்கலாம்ல."

மகன் உதயகுமார் செம்பரம்பாக்கத்துப் பக்கம் மனை வாங்கிப் போட்டிருப்பது அவளுக்குத் தெரியும். அறையோடு கிளம்புவான் என்பதுதான் தெரியாது. எந்த வீட்டு மருமகள் எப்போது தனிக்குடித்தனம் போவாள் என்பதை அந்த மருமகளுக்கே தெரியுமுன் தெருவுக்குச் சொன்னவள் ஜெகதாம்பாள். தன் தலைக்கு மேலேயே ஒன்று நட்டும் போல்ட்டுமாகத் தயாராவதைக் கோட்டைவிட்டிருக்கிறாள். எதிர்வீட்டு அஞ்சலை காதில் விழுந்தால் பொங்கல் வரை வைத்துத் தின்பாள்.

எல்லாம் மருமகள் தீபிகா வேலை. ஐ.டி. கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சமையலறைக் கதவில் சாய்ந்து, "அப்புறம் அத்தை?" என்று தெருக்கதை அத்தனையும் கறந்துகொள்கிறவள், சொந்தக் கதையை மட்டும் முழுங்கிவிட்டாளே.

மறுநாள் மாலை, மகன் செகண்ட் ஷிப்டுக்குப் போன பிறகு, டீயும் வடையுமாக மாடியேறினாள்.

"வேம்புலி, தண்ணித்தொட்டியாண்ட அந்த மூலைய மட்டும் பத்த வெச்சுடு. அவனுக்குத் தெரிய வாணாம்."

வேம்புலி வடையைக் கடித்தபடி சிரித்தான். "நீ இந்த மூலைன்ற. ஒம் மருமவ நேத்து படிக்கட்டு மூலைய சொல்ச்சு. அதுவும் அண்ணாத்தேக்குத் தெரிய வாணாமாம். ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு வாங்க."

படியில் தீபிகா நின்றிருந்தாள். ஆபீஸ் பை இன்னும் தோளில்.

"அந்த மனையைச் சுத்தி குடோன்தான் அத்தை," என்றாள். "எதிர்வீடுன்னு ஒண்ணே கிடையாது. சாயங்காலம் வந்து நான் யாரைப் பத்திக் கேக்கறது?"

ஜெகதாம்பாள் மிச்ச வடையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ரெண்டு மூலையையும் பத்த வை, வேம்புலி."

"கண்ணு பூடும். அந்தாண்ட திரும்புங்க."

இருவரும் தெருப்பக்கம் திரும்பினார்கள். முதுகுக்குப் பின்னால் சடசடவென்று பற்றிக்கொண்டது. எதிர்மாடியில் அஞ்சலை கொடியருகே நின்றிருந்தாள்.

"காஞ்ச துணியையே எடுத்து எடுத்துக் காயப்போடறா பாரு," என்றாள் ஜெகதாம்பாள், உதடு அசையாமல்.

அஞ்சலை வீட்டுச் சுவரில், நீல வெளிச்சம் வெட்டும்போதெல்லாம், இரண்டு தலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பெரிதாக எழுந்தன.