அத்தை வீட்டு டெக்

"அந்த டெக் எனக்கு வேணும், அத்தை."

செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள். அத்தை வீட்டில் எதையும் கேட்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். தாகமா, வீட்டுக்கு வந்து குடி. பசியா, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல். ஒரு பொருள் பிடித்திருக்கிறதா, வேறு பக்கம் பார். இந்தச் சட்டத்துக்குள் வளர்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்விட்ட மகாராணி, கடைசியில் வாய் திறந்து கேட்டது ஒரு பழைய வீடியோ டெக்கை. இதற்காகத்தான் அவ்வளவு படிப்பு.

அத்தை கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பல வருடம் பரணில் கிடந்த டெக், இப்போது கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில், தனக்கென்று ஒரு குட்டி விளக்குடன் உட்கார்ந்திருந்தது. அத்தை மகனின் கைங்கரியம். அவனும் அவன் நண்பர்களும் சனிக்கிழமை தோறும் பழைய கேசட் போட்டுப் பார்க்கிறார்களாம்.

இப்படிப்பட்டவர்களை அவள் வறுத்தெடுத்த காலம் ஒன்று உண்டு. கையடக்க போனில் கண்ணாடி மாதிரிப் படம் தெரியும்போது, கோடு விழுந்த படத்துக்காக அலைவது வயிறு நிறைந்தவர்களின் வியாதி என்று அலுவலக கேன்டீனில் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறாள். அப்புறம் அந்த வியாதி அவளுக்கே வந்தது. யாரோ ஒருவர் டெக்கைப் பிரித்துத் துடைத்து மாட்டுவதைப் படுக்கையில் கிடந்தபடி போனில் பார்க்கத் தொடங்கினாள். அதே கேன்டீனில், அதே மேசையைத் தட்டி, கேசட் படத்தில் ஒரு கதகதப்பு உண்டு, உங்களுக்கெல்லாம் அது புரியாது என்றாள். எதைப் பேசினாலும் மேசை மட்டும் தப்பவில்லை.

அவர்கள் வீட்டில் டெக் இருந்ததே இல்லை. ஆனால் ஒரு கேசட் இருந்தது. அம்மா அந்தக் காலத்தில் வேலை பார்த்த தையல் கம்பெனியின் ஆண்டு விழா. நன்றாகத் தைத்ததற்காக அம்மாவுக்குப் பரிசு கொடுத்தார்கள், அதை வீடியோக்காரர் பிடித்து ஒரு பிரதியும் தந்தார். அதைப் பார்க்க வேண்டுமானால் அத்தையிடம் கேட்க வேண்டும். சட்டம் போட்டவளே அதை மீறுவாளா? பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கேசட் பாத்திர அலமாரியிலேயே வருடக்கணக்கில் இருந்தது. தான் மேடையேறியதை அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்தால் போனில் ஏற்றித் தந்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அம்மா அதை டெக்கில்தான் பார்க்க வேண்டும், அதுவும் இந்த டெக்கில். ஏன் இதுவே என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே இந்த டெக்கின் ரிமோட் தொலைந்துபோயிருந்தது. காலியான அந்தப் பதவிக்குப் பள்ளிக்கூட வயதில் வந்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சோபாவில் சாய்ந்திருக்க, டெக்கின் பக்கத்தில் குந்தியிருப்பாள். நிறுத்து என்றால் நிறுத்துவாள், ஓட்டு என்றால் ஓட்டுவாள். படம் கோடு கோடாக நடுங்கும்போது டிராக்கிங் குமிழை மயிரிழை அளவு திருகி நிலைக்கு நிறுத்துவாள். வேறு யார் திருகினாலும் இன்னும் கெடும். அந்த வீட்டில் அவள் பெயரே ரிமோட்தான். அதை ஒரு பட்டம் என்று நினைத்துப் பூரித்த காலம். உண்மையான பட்டத்தைக் கையில் வாங்கியபோதுகூட அவ்வளவு பூரிப்பு வரவில்லை.

அத்தை மகன் உள்ளேயிருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். கொடுப்பதற்கெல்லாம் இல்லை, வேண்டுமானால் கேசட்டை இங்கேயே போட்டுப் பார் என்றான். முதலில் படம் வருகிறதா என்று பார்த்துவிடலாம், சண்டை அப்புறம் என்று அவளும் பையிலிருந்து கேசட்டை எடுத்தாள்.

டெக் அதை மெல்ல உள்ளிழுத்து, தொண்டையைச் செருமியது. திரை முழுவதும் கோடு.

"நீதான் பாக்கணும், ரிமோட்" என்றாள் அத்தை, வாய் நிறைய அன்போடு.

விரல் தானாகக் குமிழுக்குப் போனது. ஒரு திருகு, அரைத் திருகு. கோடுகள் கீழே இறங்கி மறைந்தன. அந்த நொடியில் அவளுக்கு வந்த மகிழ்ச்சியை எந்தக் கேன்டீனிலும் சொல்ல முடியாது.

திரையில் அம்மா வந்தாள். நீல நிற மேலங்கி, இன்றைய மகளைவிட இளைய முகம். மேனேஜர் பரிசைக் கொடுத்து, ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா என்று மைக்கை நீட்டினார். அம்மா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"நன்றி சொல்லச் சொன்னாங்க. நன்றி. செக்கிங் மேசைல பொம்பளைங்க நாள் பூரா நின்னுகிட்டே வேல பாக்குறாங்க. அவங்களுக்கு உக்கார ஸ்டூல் வேணும். நாளைக்கே வேணும்."

கைதட்டல் ஓர் ஓரத்தில் தொடங்கி விழா அரங்கம் முழுக்கப் பரவியது. மேனேஜர் தட்டவில்லை. அந்த விழாவுக்குப் பிறகு அம்மா கம்பெனி மாறினாள். பஸ் வசதி இல்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள்.

எதையும் கேட்காதே என்றவளா இவள்? எங்கே கேட்கலாம், எங்கே கூடாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. படித்த மகளுக்குத்தான் தெரியவில்லை.

அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தாள். அத்தையும் அவள் மகனும் சோபாவில். நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரும் இடம் காலி. இவள் தரையில், டெக்கின் பக்கத்தில், குமிழில் கை வைத்தபடி. யாரும் அவளைக் கீழே உட்காரச் சொல்லவில்லை. பட்டதாரி, தானாகவே போய்க் குந்தியிருந்தாள். ஏன் கீழே உட்கார்ந்தாய் என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை மகனுக்கு ஒரே உற்சாகம். "சனிக்கிழமை நீயும் வாயேன். எங்கள்ல ஒருத்தனுக்கும் டிராக்கிங் பிடிபடல. நீ வந்து ஓட்டு. ஒரு வருஷம் போகட்டும், டெக்கை நீயே எடுத்துட்டுப் போ."

வெட்கக்கேடு என்னவென்றால், ஒரு கணம் அவளுக்குச் சரி என்று சொல்லத் தோன்றியது. வாய்கூடப் பாதி திறந்துவிட்டது. திறந்த வாயை வேறு வேலைக்குத் திருப்பினாள்.

"நான் வரல அத்தான். டெக் இங்கயே இருக்கட்டும். ரிமோட் ஒண்ணு வாங்கிக்குங்க."

ஆனால் கோபமாக வெளியேறுவதற்கு ஒத்துழைக்கிற இயந்திரமல்ல அது. பழக்க தோஷத்தில் அவள் விரல் ரிவைண்டை அழுத்திவிட, நாடா தொடக்கத்துக்குப் போகிறவரை மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டாள். வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்றாள்.

ஒருவழியாக டெக் கேசட்டைத் துப்பியது. வெதுவெதுப்பாக இருந்தது. பையில் போட்டுக்கொண்டாள். என்னடி கோபமா, டீகூடக் குடிக்காமல் போகிறாயே என்று அத்தை வாசல் வரை வந்தாள்.

இல்லை அத்தை, கடை மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, அவள் தெருவில் இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையைப் பார்த்து வேகமாக நடந்தாள்.