குரல் சரிபார்ப்பு

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. பார்சல் ஆபீஸ் கவுன்டரில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்குக் கோபம் வராமல் கொஞ்சலா வரும்? இப்போது ஒத்துக்கொள்கிறேன். முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு மறுத்து என்ன பிரயோஜனம்?

சோபா கோப்பையை ஆரம்பித்தது நானும் என் தம்பியும். ஐந்து பேர் ஐந்து பேராக மோதிக்கொள்ளும் போன் விளையாட்டு. அவரவர் வீட்டில் இருந்தபடியே ஆடலாம். முதல் தடவை எட்டு அணிகள். தம்பி வர்ணனை செய்தான். அவன் வாய் தூக்கத்தில்கூட ஓயாது என்பதால் வேறு யாரையும் தேடவில்லை. நான் நடுவர். கிழிந்த பார்சல் ரசீதுகளின் முதுகில் அட்டவணை போட்டேன். கோப்பை என்று ஒரு சாமானும் கிடையாது. ஜெயித்த அணியின் பெயரை ஒரு தாளில் எழுதி, எங்கள் வீட்டு சோபாவில் சாய்த்து வைத்து போட்டோ எடுத்துப் போடுவோம். அந்த போட்டோவுக்கு அவ்வளவு அடிதடி.

எட்டு பதினாறாகி, பதினாறு அறுபத்து நான்கானபோது திருட்டுத்தனமும் வந்துவிட்டது. அணியில் ஒருவன் சொதப்பினால், அவன் பெயரில் வேறொரு கில்லாடியை உட்காரவைத்து ஆடினார்கள். ஆளைப் பார்க்க முடியாதே, எப்படிப் பிடிப்பது? குரலை வைத்துப் பிடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் மைக்கில் தன் பெயரையும் அணியின் பெயரையும் சொல்ல வேண்டும். போன வாரக் குரல்தானா என்று நடுவர் கேட்பார். இதற்குக் குரல் சரிபார்ப்பு என்று பெயர் வைத்து, எங்கள் விதிகளில் முதல் விதியாகப் போட்டோம். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த முதல் வாரமே ஒருவன் மூன்று தடவை கூப்பிட்டும் பேசவில்லை. அவனை எல்லோரும் ஆணி என்பார்கள்; மைக்கிலும் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ஓர் இடத்தைக் காக்கச் சொன்னால் அறைந்த மாதிரி நிற்பான். அவனைத் தாண்டி ஒருவரும் போக முடியாது. "இருக்கியா, இல்லையா? ஊரே காத்திட்டு இருக்கு!" என்று கத்தினேன். தனியாக எனக்கொரு செய்தி வந்தது.

'அக்கா, எனக்குத் திக்கும். பேர் சொல்றதுதான் ரொம்பக் கஷ்டம். தங்கச்சி பக்கத்துல உட்கார்ந்து எனக்குப் பதிலா சொல்லட்டுமா? டீம்ல யாருக்கும் தெரியாது. தயவு செஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.'

கத்தியதற்கு என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. 'தாராளமா சொல்லட்டும்பா. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது' என்று எழுதினேன். எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அறுபத்து நான்கு அணிகளின் கதையும் அப்போது என் தலைக்குள்ளேயே இருந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஆணியின் பெயர் கூப்பிடப்படும்போதெல்லாம் ஒரு பெண் குரல் கணீரென்று பதில் சொல்லும். அதனால் ஆணி ஒரு பெண் என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள். தம்பிகூட "நம்ம வீராங்கனை" என்று வர்ணனையில் உருகுவான். நான் சிரித்துக்கொள்வேன். ஆணி போட்டோ ஃபிரேம் போடும் கடையில் கண்ணாடி வெட்டுகிறவன். மெஷின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் அதிகம் பேச முடியாது. 'அங்க எனக்கு அமைதியான ஆள்னு பேர்க்கா' என்று ஒருமுறை எழுதியிருந்தான். தெரிந்தவர்கள் அவன் வீட்டாரும் நானும் மட்டும்தான்.

பிறகு நாங்கள் வளர்ந்தோம், கண்மண் தெரியாமல் வளர்ந்தோம். நானூறு அணிகள். அச்சகத்துக்கு மேலே ஒரு வாடகை அறை, ஆறு கணினிகள், பன்னிரண்டு நடுவர்கள். தலைமை நடுவராகக் கணக்கு டீச்சர் ஒருத்தர் வந்தார். என் ரசீதுக் குப்பையை எல்லாம் ஒழித்துக்கட்டி, விதிகளைப் பதினொரு பக்கத்துக்கு எழுதினார். எனக்கு வரும் செய்திகளைப் படிக்கவே ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்போது ஒரு ஹெட்போன் கம்பெனி அரையிறுதியையும் இறுதியையும் நடத்த முன்வந்தது. ஒரே நிபந்தனை: ஆடுகிறவர்களின் முகம் கேமராவில் தெரிய வேண்டும். தெரிந்தால்தானே அவர்கள் ஹெட்போனும் தெரியும்!

சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். ஆணியின் ஞாபகம் எனக்கு வரவே இல்லை. இதை எப்படிச் சொன்னாலும் நன்றாக இல்லை. ஆகவே அப்படியே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அரையிறுதி. திரையில் பத்துக் கட்டங்கள், பத்து முகங்கள். ஆணியின் பெயர் போட்ட கட்டத்தில் தாடி வைத்த ஓர் இளைஞன். கணக்கு டீச்சர் பெயர் கூப்பிட்டார். பெண் குரல் பதில் சொன்னது. தாடிக்காரனின் உதடு அசையவில்லை.

எதிரணித் தலைவன் போனைக் கீழே வைத்துவிட்டான். "என்ன சார் நடக்குது இங்க? ஆணி ஒரு பொண்ணு. இவன் யாரு? வாடகைக்குப் பிடிச்ச ஆளா?"

அப்போதுதான் எனக்கு ஆணியின் பழைய செய்தி ஞாபகம் வந்தது. ஆணியின் அணியில் மற்ற நாலு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களும் அவன் முகத்தை அன்றுதான் பார்க்கிறார்கள். ஆணி கேமராவைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். தங்கச்சி பேசி முடித்ததுமே அவன் மைக் அணைந்திருந்தது.

"முதல் விதி. ஆள் மாறாட்டம். அணியை நீக்கியாகணும்" என்றார் டீச்சர் என்னிடம். "அஞ்சு நிமிஷம் இடைவேளை சொல்லியிருக்கேன்."

"அவன்தான் டீச்சர் ஆணி. நான் அனுமதி கொடுத்திருக்கேன்."

"எங்க எழுதியிருக்கு?"

எங்கே எழுதியிருந்தேன்?

தம்பி வர்ணனை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான். "அக்கா, முப்பதாயிரம் பேர் பார்க்கிறாங்க. ஏதாவது சொல்லு, இல்லேன்னா நம்மளக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க." கம்பெனிக்காரர் சுவரோரமாக நின்று யாரிடமோ போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

மைக்கை வாங்கினேன். "அவர் எங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டக்காரர்தான். அவருக்குப் பதிலா வேற ஒருத்தர் பேசலாம்னு நான்தான் அனுமதிச்சேன். காரணம் என்னோடயே இருக்கட்டும்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தி, அணியை நீக்குவதா வேண்டாமா என்று டீச்சரோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

திரையின் ஓரத்தில் பார்வையாளர்கள் எழுதுவது மளமளவென்று ஓடியது. 'அக்காவுக்கு எவ்வளவு வெட்டினாங்க?' 'சொந்தக்காரப் பையனா?' 'ஃபிராடு கோப்பை.' 'இரண்டு வருஷமா ஏமாத்தியிருக்கா.' இரண்டு வருஷம்! ஒரு ஞாயிறுகூட நான் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என்னைப் பார்த்தா ஃபிராடு என்கிறீர்கள்? ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"அவனுக்கு வாய் திக்கும்டா!" என்று கத்தினேன். "பேரு சொல்ல வராது! அதனாலதான் தங்கச்சி பேசுது! போதுமா? திருப்தியா?"

ஓடிக்கொண்டிருந்த எழுத்தெல்லாம் ஒரு கணம் நின்றது. பிறகு திரை முழுக்க இதயங்கள் கொட்டின. 'சிங்கம்டா ஆணி.' 'கண்ணுல தண்ணி வந்துடுச்சு.' எதிரணித் தலைவன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பெனிக்காரர் என் பக்கத்தில் ஓடிவந்தார். "மேடம், பிரமாதம் மேடம். இவரை வச்சு ஒரு சின்ன வீடியோ பண்ணிடலாம்."

நான் ஆணியின் கட்டத்தைப் பார்த்தேன். அவன் ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, மேஜை மேல் வைத்தான். எழுந்து போய்விட்டான். கடைசிவரை அந்தக் கட்டத்தில் ஒரு காலி நாற்காலிதான் தெரிந்தது. நாலு பேராக ஆடி அவன் அணி தோற்றது.

சாயங்காலம் போனைத் துழாவினேன். படிக்காமல் கிடந்த இருநூற்றுச் சொச்சம் செய்திகளுக்கு நடுவே, எட்டு நாளைக்கு முன்னால் அவன் எழுதியது இருந்தது. 'அக்கா, கேமரா வைக்கிறாங்களாமே. நான் என்ன பண்றது?'

கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தங்கச்சி எடுத்தாள். அந்தக் கணீர்க் குரலில் சுரத்தே இல்லை.

"அண்ணன் கடைக்குப் போகல. திங்கக்கிழமை போச்சு, பாதியிலயே வந்துடுச்சு. எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்துட்டாங்களாம். ஒவ்வொருத்தரா வந்து முதுகுல தட்டிட்டு, 'மெதுவா பேசுப்பா, அவசரமில்லை'ன்னு சொல்றாங்களாம்."

"நான் அவனைக் காப்பாத்தணும்னுதாம்மா..." என்று ஆரம்பித்தேன். பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கத்தினேன். "இல்லம்மா, எனக்குக் கோபம் வந்துடுச்சு" என்றேன்.

"தெரியும்க்கா" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் சோபா கோப்பையில் சேர எழுநூறு அணிகள் பதிவு செய்தன. தம்பி குதித்தான். டீச்சர் புதிதாக ஒரு விதி எழுதி என்னிடம் நீட்டினார்: பேச்சுச் சிரமம் உள்ளவர்கள் மருத்துவச் சான்றிதழை முன்கூட்டியே இணைத்தால் சலுகை உண்டு. "நீங்க செஞ்சதை முறைப்படுத்திட்டேன்" என்றார், பாவம், நல்ல மனதோடு. அவரிடம் எரிந்துவிழக்கூட எனக்கு வக்கில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் பார்சல் ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது. ஆணியின் எண். எடுத்தேன். "ஆணி? தம்பி?" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. ஏதோ ஓர் எழுத்து தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கியது. சும்மா இருக்கத் தெரியாதவள் நான். "மன்னிச்சுடுப்பா" என்று நடுவில் புகுந்தேன். அவன் நிறுத்திவிட்டான். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெட்டியோடு வந்து, பார்த்து, நகர்ந்து போனார்கள்.

"நீங்க கத்தினப்போ," என்றான் ஆணி. அதற்கே வெகு நேரமாகியிருந்தது. "என் விரல் மைக் பட்டன் மேலதான் இருந்துச்சுக்கா. நானே சொல்றதா இருந்தேன்."