முழம் முழமாய் நகர்ந்த தோப்பு

ஆனி மாதம் பதினேழாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு, கேரள எல்லையோரத்து வடகரப்பதி பொங்கியண்ணனின் தென்னந்தோப்பு தமிழ்நாட்டின் மேல் போய் மோதியது. 'டமார்' என்ற சத்தம் கேட்டு, ஏதோ சிமென்ட் லாரி கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். எதுவும் கவிழவில்லை. எல்லைக்கல் மட்டும் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன் பக்கத்தில் முன்வரிசைத் தென்னை ஒன்று, பஸ்ஸில் அடுத்தவர் காலை மிதித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறவரைப் போல நின்றுகொண்டிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தோப்பின் நடுவில் ஒரு காற்றாலை நின்றது. புது மாதிரி. ராஜசேகர் என்ற இளம் எஞ்சினியர் ஏழு வருஷம் மூளையைக் கசக்கிச் செய்தது. மற்ற காற்றாலைகள் தூங்கி வழியும் காற்றிலும் இது சுற்றும். ஒரு பிடி நிலக்கரி எரிக்காமல் மூன்று கிராமத்துக்குக் கரண்ட் கொடுக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோ ஆனி ஆடியில் ஆளையே தள்ளும். அந்தக் காற்று முழுவதையும் இறக்கை வாங்கிக்கொண்டது. இறக்கை வாங்கியது தூணுக்குப் போனது, தூண் வாங்கியது மண்ணுக்குப் போனது, மண் நகர்ந்தது. நாளொன்றுக்கு ஒரு முழம், கிழக்கே. எதிரே இருந்த நிலம், சந்தைக் கூட்டத்தில் கூடைக்காரிக்கு வழிவிடுவது போல ஒதுங்கிக்கொண்டது.

ஒதுங்கிய நிலம் பொங்கியண்ணனின் மனைவி கற்பகத்தின் அண்ணன் மோகனசுந்தரத்தினுடையது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், தங்கை புருஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, எந் தங்கச்சியக் கூட்டிட்டுப் போனது பத்தலீன்னு, இப்பத் தோப்பையே எங்கூட்டு நெலத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களாக்கு?"

"நானெங்க மச்சான் கூட்டியாந்தேன்? அதுவாத்தானுங்க வருது."

பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு இருந்தது எட்டு வரிசையில் அறுபத்து நாலு தென்னை. அத்தனையையும் கள்ளுக்கு விட்டிருந்தார். வெள்ளை ஈ வந்து காய்ப்புப் பாழான பிறகு, வீட்டில் உலை கொதித்ததே கள்ளினால்தான். கேரளத்தில் கள் இறக்குவது தொழில். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே மரத்தில், அதே பானையில், அதே கள்ளை இறக்கினால் போலீஸ் கேஸ். தோப்பு ஒரு முழம் நகர்ந்தால், தொழில் ஒரு முழம் குற்றமாகிவிடும்.

கள்ளு மரங்களுக்கு நம்பர் போட கேரள எக்சைஸ் துறையிலிருந்து சிஞ்சு என்ற பெண் அதிகாரி வந்தபோது முதல் வரிசை முழுக்க எல்லையைத் தாண்டியிருந்தது. பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சேட்டா, இந்த எட்டு மரமும் இப்போ கேரளத்துக்கு வெளியிலாணு. நான் நம்பர் போட்டால் என்னையே பிடிச்சு ஜெயிலில் போடும்."

ஆவணி முடிவதற்குள் நாலு வரிசை போய்விட்டது. முப்பத்திரண்டு மரத்துக் கள். பொங்கியண்ணன் மனு எழுத ஆரம்பித்தார். இந்தப் பக்கம் பஞ்சாயத்து, வில்லேஜ் ஆபீஸ், கலெக்டர். அந்தப் பக்கமும் அதே வரிசை. 'காற்றாலையை நிறுத்தி என் தோப்பைக் காப்பாற்றுங்கள்' என்று பதினாலு மனு. இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் சங்கிலி போட்டு அளந்தார்கள். காற்றாலை தங்கள் எல்லைக்குள்தான் நிற்கிறது என்று இரு தரப்பும் எழுதிக்கொண்டன. தென்னை மரங்கள் மட்டும் எதிர்த் தரப்பைச் சேர்ந்தவை என்று இருவருமே எழுதினார்கள்.

இதற்கிடையில் தோப்புக்குப் பின்னால் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. பொங்கியண்ணனின் வீட்டுக்கும் விலகிப்போன தோப்புக்கும் நடுவில் புதிதாக ஒரு துண்டு நிலம் திறந்திருந்தது. அதற்குச் சர்வே நம்பர் இல்லை, பட்டா இல்லை, மாநிலமும் இல்லை. அதனால் அதில் யாராலும் போர் போட முடியவில்லை, மருந்து அடிக்க முடியவில்லை, செம்மண் அள்ள முடியவில்லை, பிளாட் போட்டு விற்கவும் முடியவில்லை. கேட்க ஆள் இல்லாத அந்த மண்ணில் இடுப்புயரம் புல் வந்தது. பிறகு ஊற்று வந்தது. ஊற்றுக்குத் தவளை வந்தது, தவளையைப் பார்த்துக் கொக்கு வந்தது. ஒன்பது வருஷமாகக் காய்ந்து கிடந்த வீட்டுக் கிணற்றில் எட்டடித் தண்ணீர் ஏறியது. அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் அப்படியே. தண்ணீர் லாரி டிரைவர் இரண்டு நாள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வரவில்லை.

ஆராய்ச்சி செய்ய இரு பக்கத்திலிருந்தும் குழுக்கள் வந்தன. பசுமைத் தொழில்நுட்பத்தால் நிலத்தடி நீர் உயர்ந்தது என்று நூற்றுப் பத்துப் பக்கத்தில் ஒரு குழு எழுதியது. நூற்று இருபது பக்கத்தில் மற்றது எழுதியது. மனுஷர் கால் வைக்க முடியாமல் போனதுதான் காரணம் என்பதை எழுத இரண்டிலும் பக்கம் இல்லை.

புரட்டாசி பிறந்ததும் பதினாலாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. மூன்று நாள் நிறுத்திப் பார்க்கலாம், தோப்பு நின்றால் பூட்டை அப்படியே விடலாம் என்று உத்தரவு. ராஜசேகர் வந்து, வாடிய முகத்தோடு இறக்கைகளுக்குப் பூட்டுப் போட்டான். கற்பகம் வாசலில் நின்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லா நிறுத்துங்க. மறுபடி தண்ணி லாரி வந்தா, கொடத்தத் தூக்கிட்டு நீங்களே ஓடுங்க. எனக்கு இந்த மூட்டுவலியோட இனி ஆகாது."

தோப்பு நின்றது. மிச்சம் முப்பத்திரண்டு மரம் பத்திரமாகக் கேரளத்தில் இருந்தது. ஆனால் இரண்டாம் நாள், நடுவிலிருந்த துண்டு நிலம் வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி ஓரம் சுருங்கத் தொடங்கியது. தவளைகள் வாயை மூடிக்கொண்டன. மூன்றாம் நாள் கிணற்று மோட்டார் தண்ணீருக்குப் பதில் இருமலைத் தள்ளியது. அவர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து ஒரு பார்வை மரங்களைப் பார்த்தார், ஒரு பார்வை காலிக் குடங்களைப் பார்த்தார். அன்று மதியம் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் காலை காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. பூட்டு உடைந்து கீழே புல்லில் கிடந்தது. பொங்கியண்ணன்தான் முதலில் கூச்சல் போட்டார். எவனோ தன் வயிற்றில் அடித்துவிட்டான் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். மறுபடி பூட்டச் சொல்லிப் பதினைந்தாவது மனு மட்டும் எழுதவில்லை. ஐப்பசிக்குள் கடைசி வரிசையும் எல்லை தாண்டியது. பானைகள் இறங்கின, ஊற்று ஈரத்தில் மறுபடி காய்க்கத் தொடங்கிய மரங்களுக்கு மச்சான் தயவில் இளநீர் வியாபாரி கிடைத்தார்.

கார்த்திகையில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசியது. தோப்பு மேற்கே திரும்பி நடந்தது. துண்டு நிலம் நசுங்கிவிடும் என்று பயந்தார்கள். அதுவோ வெயில் படுகிறது என்று இருக்கை மாறும் பயணியைப் போல எழுந்து, தோப்பைச் சுற்றிப்போய்க் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தது. மோகனசுந்தரத்தின் கிணறு நிரம்பியது. இந்தப் பக்கத்துக் கிணறுகள் குடித்து வைத்ததைக் கொண்டு ஆறு மாதம் ஓட்டின. அதிலிருந்து வருஷா வருஷம் இதே நடைமுறைதான். தோப்பு கேரளத்தில் இருக்கையில் கள், தமிழ்நாட்டில் இருக்கையில் இளநீர். சிஞ்சு தை பிறந்ததும் வந்து நம்பர் போட்டுவிட்டுப் போகிறாள். கொக்குகள் இரண்டு மாநிலத்துக் கணக்கெடுப்பிலும் சேர்ந்திருக்கின்றன.

போன மாசம் காற்றாலைக்கு எண்ணெய் விட வந்த ராஜசேகர், கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே கேட்டான். அந்தப் பூட்டை அன்றைக்கு யார் உடைத்தார்கள், போலீஸ்கூட வந்து விசாரித்ததே, உங்களை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

பொங்கியண்ணன் அவனுக்குத் துண்டை நீட்டினார்.

"நிறுத்தச் சொல்லி பதினாலு மனு குடுத்தவன் மேல யாருங்க தம்பி சந்தேகப்படுவாங்க?"