திட்டில் நின்று பாடியவர்

அந்த ஆள் சர்வேக்காரன்தான் என்று படகோட்டி சகாதேவன் முடிவே கட்டிவிட்டார். ஏரி பார்க்க வருகிறவன் போட்டோ எடுப்பான், பூநாரை எங்கே என்பான், பெண்டாட்டி பிள்ளையோடு வருவான். இவன் தனியாக வந்தான். தொப்பி, முகத்தில் மாஸ்க், இந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. இது மூன்றாவது தடவை. ஏரி நடுவில் இன்ஜினை அணைக்கச் சொல்வான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான், திரும்பிவிடுவான். சும்மா பார்க்க ஒருத்தன் அவ்வளவு தூரம் கார் போட்டு வருவானா? தோணிரேவுக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அளக்க வருகிறவன் முதலில் சும்மாதான் பார்ப்பான், அப்புறம்தான் இடத்தைப் பிடுங்கக் கல் நடுவான்.

இன்றைக்குப் புதிதாக ஒன்று கேட்டான்.

"பெரியவரே, அதோ அந்த மணல் திட்டுல என்னை எறக்கி வுடுங்க. நீங்க படகை எட்டத் தள்ளிக்கினு போங்க. நான் சத்தம் குடுப்பேன். கேக்கலேன்னா கைய தூக்குங்க."

"எதுக்கு?"

"எவ்ளோ தூரம் போவுதுன்னு பாக்கணும்."

சகாதேவன் எத்தனையோ சர்வேக்காரனைப் பார்த்தவர். சங்கிலி போட்டு அளந்தவனைப் பார்த்திருக்கிறார், முக்காலியில் கண்ணாடி வைத்து அளந்தவனையும் பார்த்திருக்கிறார். சத்தம் போட்டு அளக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறார்.

"மொதல்ல மூஞ்சிய காட்டு சார். மூஞ்சி தெரியாதவன நான் எங்கியும் எறக்க மாட்டேன்."

அவன் மாஸ்க்கை இறக்கினான். "தெரியலியா?"

"ஓட்டு கேக்க வந்த மூஞ்சி மாரி கீது."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. "தருமலிங்கம். பொன்னேரிக்காரன். சினிமால பாடறவன்."

பெயர் சகாதேவனுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி? இறால் உரிக்கும்போதெல்லாம் மருமகள் சத்யா போனில் அந்தக் குரல்தான் கத்திக்கொண்டிருக்கும். அவன் பிறப்பு வளர்ப்பெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பொன்னேரித் தெருக்களில் ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கில் துணிக்கடைத் தள்ளுபடி சொன்ன பையனாம். நடுநடுவே பாட்டும் பாடுவானாம். அதைக் கேட்டு ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரர் கூட்டிப்போனார், அங்கிருந்து சினிமா, அப்புறம் விருது, மாலை, பங்களா. நாற்பது வருஷமாக அவன் பாட்டு இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் கச்சேரி என்று சுவரெல்லாம் போஸ்டர்.

"பாடறவன்னா பாடுவான்," என்றார் சகாதேவன். "நீ மூணு தபா வந்து வாயே தொறக்கலியே."

அவன் துண்டை அவிழ்த்தான். தொண்டையில் குறுக்கே தழும்பு.

"கத்தி வெச்சிட்டாங்க. ரெக்கார்டு போட்டுக்கலாம், நீ வாய மட்டும் அசைன்றான் ஒருத்தன். அண்ணே, உங்க கொரலு அப்டியே கீதுன்றான் இன்னொருத்தன். நான் சோறு போடறவங்க வேற இன்னா சொல்வாங்க? ஞாயித்துக்கெழம வாய அசைச்சிட்டு வர்றதா, நெஜமா பாடறதான்னு தெரியல. நீங்க ஒருத்தர்தான் நான் யார்னே தெரியாம மொறைச்சிக்கினே இருந்தீங்க."

சகாதேவன் பாதிதான் நம்பினார். மீதியைத் தெரிந்துகொள்ளத்தான் அவனைத் திட்டில் இறக்கினார்.

கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் பாட்டு ஆரம்பித்தது. சத்யா போனில் கேட்ட பாட்டுதான். காதலிக்காகக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஒருத்தன் நிற்கிற கதை. கீழ்க்குரலில் பாடுகிற வரிகள் கேட்டன. குரல் மேலே ஏறுகிற இடத்தில் ஒன்றும் வரவில்லை. வாய் திறந்து நின்றது மட்டும் தெரிந்தது.

கையைத் தூக்காமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கணுக்கால் தண்ணீரில் அந்த மனிதர் அப்படி நின்றார். ஆனாலும் சகாதேவன் கையைத் தூக்கினார். மறுபடி குரலை ஏற்றிப் பார்த்தார் அவர். சகாதேவன் மறுபடியும் கையைத் தூக்கினார்.

தருமலிங்கம் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்வதுபோலத் தாழ்த்தி ஆரம்பித்தார். அது படகு வரை வந்தது. எது வரைக்கும்தான் வரும் பார்ப்போமே என்று சகாதேவன் இன்னும் தள்ளினார். வலைக்கழி நட்ட இடம் வரை போனார். அங்கேயும் வந்தது.

சகாதேவன் திட்டுக்குத் திரும்பி வந்ததும் தருமலிங்கம் கேட்டார்: "எதிர்காத்தா இருக்குமோ?"

"காத்து உன் முதுகுலேர்ந்து என் மூஞ்சிக்குதான் அடிச்சிது. அது மேல பழி போடாத. மேல போறது செத்துப் போச்சு."

தருமலிங்கம் தலையை ஆட்டினார். "கடைசியா பாடினது?"

"கரகரன்னு கீது. ஆனா வலைக்கழி வரிக்கும் வந்துது. போன்ல கேக்கறது வேற எவனோ. இதுல நீ ஒக்காந்துக்கினு கீறது தெரியுது."

படகில் ஏறி உட்கார்ந்து கச்சேரி நடத்துகிறவனுக்குப் போன் போட்டார் தருமலிங்கம். "ரெக்கார்டு வாணாம்ப்பா. எல்லா பாட்டுக்கும் சுருதிய ரெண்டு கட்டை எறக்கிடு… தெரியும். பழைய மாரி இல்லேன்னு கத்துவானுங்க. கத்தட்டும்." போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

சகாதேவன் இன்ஜினைக் கிளப்பவில்லை.

"அளக்கறது கிளக்கறது ஒண்ணும் இல்லியே?"

"என் தொண்டையதான் அளந்தேன்."

"சரி. அந்த பாட்டுல பஸ்ஸ வுட்டுட்டு நிக்கறானே, கடைசில அவ வந்தாளா இல்லியா? சத்யா எப்பவும் பாதில மாத்திடறா."

"மூணாவது சரணத்துல வரும். ஞாயித்துக்கெழம வாங்க."

"பாத்தியா, வியாபாரத்துல புத்திய காட்டிட்ட," என்று சொல்லி சகாதேவன் படகைக் கரைக்குத் திருப்பினார். "மருமவளுக்கும் ஒரு எடம் போட்டு வை. நான் வந்து சொன்னா அவ நம்ப மாட்டா."