பட்டிக்கு அடியில் இருந்த சேர்மன்

ஷெட்டில் நின்ற பழைய காரின் பானெட்டில், பெயின்ட்டை உரிக்கிற ரிமூவரைப் பெயின்டர் தடவிய அன்று மதியம், வீட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சேர்மனின் நெற்றி கொப்புளித்து, சுருங்கி, ஒரு பட்டையாக மடியில் விழுந்தது. காரின் அதே கருநீல நிறம். அடியில் இருந்த நெற்றி மெரூனாக இருந்தது. இத்தனை காலமும் அவர் கருநீலமாக இருந்ததை யாரும் கவனித்ததில்லை. அதைத்தான் முகக்களை என்று தெரு நம்பியிருந்தது. வலிக்கவில்லை என்று அவரே சொன்னார். அவர் மனைவி முறத்தைக் கொண்டுவந்து பட்டையை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கப் போனாள். ஏன் இப்படி ஆயிற்று என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்.

சேர்மன் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எப்போதோ ஒரு பூப்பந்துச் சங்கத்தின் தலைவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவர் படுத்திருந்த நாட்களில் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாதே என்று இவரை உட்காரவைத்தார்கள். காமாலை இறங்கியதும் எழுப்பிவிட்டார்கள். நாற்காலி போயிற்று, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. தபால்காரரே ஆனாலும் சேர்மன் சார் என்று கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதைக் கடைசிவரை அவர் தெரிந்துகொள்ளவில்லை. பூப்பந்தின் எதிர்காலம் பற்றி மட்டும் மூச்சுவிடாமல் பேசுவார்.

அந்தக் காரை அவர் ஒரு காயலான் கடையில் வாங்கினார். வாங்கிய மறுநாளே அது அவருடைய அப்பாவின் கார் ஆகிவிட்டது. அப்பா அதில்தான் கோர்ட்டுக்குப் போவாராம். டிரைவர் தலையில் தொப்பி இருக்குமாம். பின்சீட்டில் உட்கார்ந்துதான் தனக்கு நல்லது கெட்டது தெரிந்ததாம். மனைவி தையல் மிஷின் போட்டிருந்த ஷெட்டைக் காலிசெய்து, மிஷினை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, காரை அங்கே நிறுத்தினார். வருஷக் கடைசியில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று நடக்கும். அதில் இதை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், கொடியசைக்கிற பெரிய மனிதரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மனிதன் மிச்சமிருக்கும் ஆயுளை இதற்கு ஒதுக்கிவைத்திருந்தான் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மனைவிக்கும் ஓர் ஆசை இருந்தது. அவரை விட்டுப் போவது. அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, வேறு எங்கும் போனதில்லை. பேசினார், அவ்வளவுதான். காலையில் பல் விளக்கும்போது தொடங்கி, விளக்கை அணைத்த பிறகும் சேர்மனாகவே பேசினார். காய்ச்சலில் படுத்தபோதுகூட மருத்துவமனையின் நிர்வாகத்தைக் கண்டித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும் தன் புருஷனை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதுதான் அவளுடைய குறை. பார்த்ததெல்லாம் சேர்மனை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. துணிமணியை எடுத்துவைத்து, நாளும் பார்த்துவிட்டாள். அந்த வாரம்தான் நெற்றி உரிந்தது. அவள் தங்கைக்கு போன் செய்தாள்.

"உரிய ஆரம்பிச்சிருக்காரு. அடியில ஆள் யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு வரேன்."

"இருந்தா என்னக்கா பண்ணுவே?"

"இருக்க மாட்டாங்க," என்றாள் அவள்.

பெயின்டரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு வாரம் வருவார், இரண்டு வாரம் தலைமறைவாகிவிடுவார், கேட்டால் வெயில் சரியில்லை என்பார். தனக்கு முன்னால் அந்தக் காரில் கைவைத்த எல்லாப் பெயின்டர்களையும் வாயில் போட்டு மென்றுகொண்டே வேலை செய்வார். ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவிவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது பெயின்ட் தோலைப் போலச் சுருண்டு நிற்கும், தகட்டால் வழித்துத் தள்ளுவார், மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். ஷெட்டில் எந்த இடம் உரிகிறதோ கூடத்தில் சேர்மனிடம் அதற்கு ஈடான இடம் உரியும். கூரையின் நீலம் போனபோது தொண்டையைச் செருமுவது போயிற்று. கதவுகளின் நீலம் போனபோது, தேசத்தைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயங்கள் உதிர்ந்து சோபாவுக்கு அடியில் கிடந்தன. அதைப் பெருக்கி எடுப்பதற்குள் மனைவிக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

முழுக்க மெரூனான சேர்மனைத் தெரு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு வக்கீல் மட்டும், நீலத்தைவிட இது எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மெரூன் சேர்மன் மீசையை நீவிக்கொண்டே இருந்தார், கண்ணாடி கண்ட இடத்திலெல்லாம் நின்றார், வரப்போகிற பதவிகளைப் பற்றிப் பேசினார். கல்யாணம் ஆன புதிதில் அவர் அப்படித்தான் இருந்தார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் சகிக்கவில்லை, இப்போதும் சகிக்கவில்லை.

மெரூனுக்கு அடியில் மஞ்சள் வந்தது. காரின் கூரையில் ஏதோ பலகையைத் திருகியிருந்த ஓட்டைகளும் வெளியே வந்தன. பெயின்டர் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, "சேர்மன் சார், அப்பா கோர்ட்டுக்கு வாடகைக் கார்லயா போவாரு?" என்று கேட்டார். மஞ்சளாக ஆன பிறகு அவருக்கு வேறொரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் சட்டென்று எழுந்து நின்று, "எங்க போகணும்?" என்று கேட்பார். காஸ் போடுகிறவரிடமும் கேட்டார், சொந்த மனைவியிடமும் கேட்டார். அவள் ஒருநாள் தங்கை வீட்டு விலாசத்தைச் சொன்னாள். தூரம் அதிகம் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகுதான் பட்டி தெரிந்தது. தகரம் நசுங்கிய இடத்தில் பசையை அப்பி, காயவைத்து, தேய்த்து மட்டமாக்குவதுதான் பட்டி பார்ப்பது. நாலு நசுங்கலுக்குப் பார்த்தால் அது ரிப்பேர். இந்தக் காரில் எவனோ கதவையே பட்டியால் செய்திருந்தான். பெயின்டர், எட்டிப் பார்க்க வந்த சேர்மன் மனைவியின் எதிரில், சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. பக்கத்துக் கதவில் வைத்தார், மட்கார்டில் வைத்தார், எல்லா இடத்திலும் விழுந்தது.

"இது கதவு இல்லம்மா. கதவு மாதிரி பட்டி பாத்திருக்கான். தகரம் இருந்தாத்தானே காந்தம் புடிக்கும்?"

"முழுக்கவா?"

"பட்டியை எடுத்தா என்ன மிஞ்சும்னு எனக்கே தெரியல. ஸ்டியரிங் மட்டும் மிஞ்சுனாலும் ஆச்சரியமில்ல."

அவள் காந்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சேர்மன் சாப்பிட்ட மயக்கத்தில் சோபாவில் கண்ணயர்ந்திருந்தார். நெற்றியில் வைத்தாள், விழுந்தது. நெஞ்சில் வைத்தாள், விழுந்தது. தோளில், முழங்கையில், தொப்பையில், பாதத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் காந்தம் உருண்டு அவள் கைக்கே வந்தது. தூக்கத்தில் அவர், "எங்க போகணும்?" என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இதற்காகவா இத்தனை வருஷம் சட்டைக்கு இஸ்திரி போட்டோம் என்று நினைத்துச் சிரித்தாள். பட்டியை உடைக்கிற நாளை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

அந்த நாளில் பெயின்டர் சுத்தியலும் உளியுமாக வந்தார். ஷெட்டில் முதல் அடி விழுந்ததும் கூடத்தில் சேர்மனின் மார்பு ஒரு கட்டியாகக் கழன்று தரையில் விழுந்து தூளானது. அடுத்தது தோள்கள். அடுத்தது தொப்பை. அது வெகுநேரம் கொட்டியது. அவள் வாளி வாளியாக அள்ளிக் கொல்லையில் வைத்தாள். சத்தம் நின்றபோது சோபாவில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெறும் தகரத்தின் மங்கிய வெள்ளை நிறம், அங்கங்கே நசுங்கல். வயிற்றில் ஒரு தட்டளவுக்கு ஓட்டை. ஓட்டை வழியாகப் பின்சுவரில் இருந்த காலண்டரில் அன்றைய தேதி தெரிந்தது. பேசினார். அவள் அதுவரை கேட்காத, கொஞ்சம் கீச்சென்ற குரல்.

"எங்கப்பாவுக்குக் கார் கிடையாது. சைக்கிள் பஞ்சர் கடை. நான்தான் டியூபைத் தண்ணியில அமுக்கிப் பிடிப்பேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கப்பா விசாரிச்சுட்டாரு. வக்கீலுக்குத் தெரியும். தபால்காரருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

அவர் வயிற்று ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா நான் யார்கிட்ட சொல்லிட்டிருந்தேன்?"

கேள்வி கேட்டவர் யார் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. காந்தத்தை எடுத்து அவர் முழங்காலில் வைத்தாள். டக் என்று பிடித்துக்கொண்டது. பிடுங்கித் தோளில் வைத்தாள், அங்கேயும் பிடித்தது. விலா எலும்பில், மணிக்கட்டில், எங்கே வைத்தாலும் பிடித்தது. மிஞ்சியது கொஞ்சம்தான், ஆனால் மிஞ்சியதெல்லாம் தகரம். அவர் உடம்பு கடகடவென்று ஆடவே, காந்தத்தைக் கீழே போட்டுவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் உள்ளங்கையை அவர் தோளில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அடுத்த நிமிஷம் ஷெட்டிலிருந்து பெயின்டர் கத்திக்கொண்டு வந்தார். "யாரும்மா கை வச்சது? வெறும் தகரத்துல கை வைக்காதீங்க, கை வேர்வை பட்டா துருப் புடிச்சுக்கும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. இடது மட்கார்டுல அஞ்சு விரலும் அப்படியே துருவா நிக்குது." ஷெட்டில் அவரைத் தவிர யாரும் இருக்கவில்லை. அவள் கையை எடுத்துப் பார்த்தாள். தோளில் அதே ஐந்து விரல்கள் பழுப்பாக இருந்தன. பெயின்டரும் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார். பனி இறங்குவதற்குள், கலருக்கு முன்னால் பூசுகிற பிரைமரை அடித்தாக வேண்டும், இல்லையென்றால் காலையில் மொத்தமும் இப்படி ஆகிவிடும் என்றார். பிறகு அவருக்குப் பிடித்தமான விஷயத்துக்கு வந்தார். பட்டி எத்தனை டப்பா வாங்கலாம்?

தகர மனிதர் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "பட்டி பாக்கச் சொல்லு. கொஞ்சமாவது. இந்த ஓட்டையோட நான் எப்படி வெளிய போவேன்? என்னை யாரு சேர்மன்னு சொல்லுவா?" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது வெறும் பயம். உண்மையைச் சொன்ன வாய் மூடுவதற்குள் அதே வாய் பட்டி கேட்டது. மனிதர்களைப் பற்றி உயர்வாக நினைக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

"பட்டி வேண்டாம். பிரைமர் மட்டும் அடிங்க," என்றாள் அவள்.

"கலரு என்னம்மா?"

"கலரும் வேண்டாம்."

அவர் எதிர்த்துப் பேசப் பார்த்தார். எதிர்த்துப் பேசுவதற்கு வேண்டிய சரக்கெல்லாம் கொல்லையில் வாளிகளில் இருந்தது. ஷெட்டில் பிரைமரைத் தெளிக்கிற கம்ப்ரெஸர் இரைந்தது. கூடத்தில் அவர் பாதத்திலிருந்து மேலே மேலே சாம்பல் நிறமாகி, தின்னர் வாடையில் இரண்டு தும்மல் போட்டு, அடங்கினார். தோளில் கைத்தடம் மட்டும் பிரைமரை மீறிக்கொண்டு தெரிந்தது. அவள் தங்கைக்கு போன் செய்தாள்.

"இருக்காங்க."

"யாரு?"

"யாரோ. ஒல்லியா. நடுவுல ஓட்டை."

"அப்ப வரலையா?"

"இப்ப வரல. யாருன்னு பாக்கணும்."

மன்னித்துவிட்டாள், மனம் இளகிவிட்டது என்றெல்லாம் எழுத இதில் இடமில்லை. அவருடைய கீச்சுக்குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை, பயந்தாங்கொள்ளித்தனம் அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசினார், அதில் இரண்டு உண்மையாக இருந்தது. அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷங்களிலும் அணிவகுப்பு அவர் இல்லாமலே நடந்தது, அவர் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. சேர்மன் சார் என்று கூப்பிட்டுப் பார்த்த தபால்காரர் பதில் வராததால் விட்டுவிட்டார். பிரைமர் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் மழை நாளில் அவர் வெளியே வருவதில்லை. மற்ற நாட்களில் மனைவியோடு கடைக்குப் போவார். எதிரே வருகிறவர்களுக்கு அவர் வயிற்றின் வழியாக அவளுடைய சேலையின் நிறம் கொஞ்சம் தெரியும். வக்கீல் வழக்கம்போல வெயிலைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்.

பெயின்டர் வருஷத்துக்கு ஒருமுறை உப்புத்தாளோடு வருகிறார். தோளில் அவள் கை பதிந்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், விட்டால் பரவும் என்று சொல்கிறார். சாம்பல் நிற மனிதர் உடனே சட்டைக் காலரை இழுத்து அதை மூடிக்கொள்கிறார். வேறு எதற்கும் வாய் திறக்காதவர் அதற்கு மட்டும் முடியாது என்கிறார். துரு இப்போது முழங்கை வரைக்கும் வந்திருக்கிறது.