இரண்டு காது வைத்த கார்

என் காரில் யாரோ கை வைக்கிறார்கள் என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது. அந்த ஆள் யார் என்பதுதான் பிடிபடவில்லை. சந்தேகப் பிராணி என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருக்கட்டும். சந்தேகப்படாமல் இண்டூரில் இருபது வருஷம் கடலை மண்டி நடத்த முடியுமா?

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது எனக்கு விற்ற கார் அது. நான் வாங்கியது 1938இல்; அப்போதே அதற்குப் பதினைந்து வயது. மற்ற கார்களைப் போல ராடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஓடுகிற காற்றிலேயே எஞ்சின் ஆறிக்கொள்ளும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர். அவற்றின் மூடியை ஹெட்டு என்பார்கள். இரண்டு ஹெட்டும் முன்பக்கம் காது மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேடு ஏறி வந்தால் கிட்டத்தில் கையைக் கொண்டுபோக முடியாது, அப்படி ஒரு சூடு.

மறு வருஷம் தை மாதம் அந்தக் காதுகள் இரண்டும் கீறல் விட்டன. தர்மபுரியில் பட்டறை வைத்திருந்த கருப்பண்ணன், பெங்களூரில் பழைய சாமான் கடையில் தேடி வேறு ஜோடி வாங்கி வந்து மாட்டினான். வைகாசியில் அதுவும் கீறியது. ஐந்து மாதத்தில் நாலு ஹெட்டு. நான் என்ன காதில் பூவா வைத்திருக்கிறேன்?

பழைய ஹெட்டையே துடைத்து மாட்டிவிட்டான் என்றுதான் முதலில் கருப்பண்ணன் மேல் சந்தேகப்பட்டேன். ஆனால் தை மாதம் மாட்டுவதற்கு முன்பே, அவன் டீ குடிக்கப் போன நேரத்தில், புது ஹெட்டுகளின் அடியில் அரத்தால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தேன். இப்போது கழற்றும்போது குட்டிச்சாத்தான் மாதிரி கூடவே உட்கார்ந்து பார்த்தேன். எட்டு நட்டுகளையும் கழற்றி, மரச் சுத்தியால் மெல்லத் தட்டி, ஹெட்டை எடுத்துக் கீழே வைத்தான். புரட்டிப் பார்த்தேன். மூன்று கோடும் அப்படியே இருந்தன.

கருப்பண்ணன் உள்ளே அப்பியிருந்த கரியைச் சுரண்டினான். வால்வுகளைப் பசை தடவித் தேய்த்தான். கடைசியாகக் கிடைத்த ஒரு ஜோடி ஹெட்டை உட்கார வைத்து நட்டு முடுக்கினான். ஒரு நட்டை முடுக்கினால் அடுத்ததை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போனான்.

"வரிசையா முடுக்காம எதுக்குத் தாவுற?" என்றேன்.

"குறுக்க குறுக்க முடுக்குனாத்தானுங்க சமமா உக்காரும். இல்லீன்னா கோணிக்கும்" என்றான். பிறகு பழைய ஹெட்டின் கீறலை விரலால் காட்டினான். "இது ஓடித் தேஞ்ச கீறல் இல்லீங்க மண்டிக்காரரே. கொதிச்ச இரும்புல பச்சத் தண்ணி பட்ட கீறல். யாரோ ஊத்துறாங்க. இதுவும் போச்சுன்னா வேற ஜோடி எங்கயும் கெடைக்காதுங்க."

பட்டறையில் நின்ற நாலு பேரும் திரும்பி மாதுவைப் பார்த்தார்கள். மாது என் டிரைவர். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அது போதும்.

மாது மேல் எனக்கு ஏற்கெனவே இரண்டு சந்தேகம். ஒன்று, கம்பைநல்லூர் மண்டிக்காரனின் கணக்குப்பிள்ளையோடு அவன் சந்தையில் சிரித்துப் பேசியதை நானே பார்த்தேன். என் கார் நின்றுபோனால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, அவனுக்குச் சாமி பயம் கிடையாது. சேலம் போய்த் திரும்பும்போதெல்லாம் தொப்பூர் கணவாய் ஏறியதும் முனியப்பன் கோயில் முன்னால் காரை நிறுத்துவேன். தேங்காய் உடைத்து, தண்ணீரைச் சிந்தாமல் இரண்டு மூடியிலும் பிடித்து, இந்தக் காதுக்கு ஒரு மூடி, அந்தக் காதுக்கு ஒரு மூடி என்று என் கையாலேயே அபிஷேகம் செய்வேன். சொய்ங் என்று ஆவி கிளம்பும். முனியப்பன் வாங்கிக்கொண்டார் என்று கும்பிட்டுக்கொள்வேன். முதல் தடவையே மாது, "சூட்டுல வேணாங்க எசமான்" என்று குறுக்கே வந்தான். "சாமி காரியத்துல வாயத் தொறந்தா பல்லு இருக்காது" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"முனியப்பன் முன்னால கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்றியா? இல்ல, ஸ்டேஷனுக்குப் போலாமா?" என்று பட்டறையிலேயே மாதுவைக் கேட்டேன்.

மாதுவும் அவன் பெண்சாதி செல்லியும் என் தோட்டத்துக் கொட்டகையில்தான் குடியிருந்தார்கள். செல்லிக்கு அது ஏழாம் மாதம். துரோகிப் பட்டம் கட்டி நான் விரட்டினால் இந்தப் பக்கத்தில் எவனும் அவனை மாட்டு வண்டியில் சாட்டைக் கம்பு பிடிக்கக்கூடச் சேர்க்க மாட்டான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அடிக்கிறனுங்க" என்றான்.

புது ஹெட்டு மாட்டினால் கணவாய் இறங்கி ஏறிப் பார்த்துவிட்டு நட்டை மறுபடி முடுக்க வேண்டும் என்று கருப்பண்ணனும் ஸ்பானரோடு ஏறிக்கொண்டான். நல்லம்பள்ளி தாண்டி, கணவாய் இறங்கித் திரும்பி ஏறினோம். கார் முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. கோயில் முன்னால் நிறுத்தி, சூடத்தை ஏற்றினேன். மாது சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். பயத்தைக் காணோம், அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

"இரு, தேங்கா ஒடைச்சர்றேன்" என்றேன்.

வழக்கம்போல உடைத்தேன். வழக்கம்போல இடது காதில் ஊற்றினேன். சொய்ங் என்று ஆவி எழுந்தது. அதற்குள்ளிருந்து டிக் என்று சின்னதாக ஒரு சத்தம்.

கருப்பண்ணன் குனிந்து பார்த்தான். மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது. அவன் நிமிர்ந்து என் இடது கையிலிருந்த மற்ற மூடியைப் பார்த்தான்.

"அந்தப் பக்கமும் ஊத்திருங்க மண்டிக்காரரே. ஜோடி சேந்துரும்" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "ஏன்டா மாது, உனக்குத் தெரியுமில்ல? ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னனுங்க" என்றான் மாது. "பட்டறையில நாலு பேரு முன்னால சொன்னா உங்களுக்குக் கேவலம்னு வுட்டுட்டனுங்க" என்றான்.

"கற்பூரம் வேணாம். விடு, வூட்டுக்குப் போலாம்."

"இல்லீங்க. அத்தினி பேரு முன்னால கேட்டீங்க. அடிச்சாத்தான் என் பேரு எனக்குத் திரும்பும்."

எரிகிற சூடத்தின் மேல் ஓங்கி அடித்தான். "நான் கை வெக்கல சாமி" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, முனியப்பனைப் பார்த்துச் சொன்னான். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் செருகிச் சுற்றிக் காரைக் கிளப்பும் இரும்பு ஹாண்டிலை எடுத்து வந்து என் வலது கையில் வைத்தான்.

"சாயங்காலத்துக்குள்ள செல்லியக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிர்றனுங்க" என்றான்.

நல்லம்பள்ளி ரோட்டில் நடந்தான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு கையில் ஹாண்டில், ஒரு கையில் தேங்காய் மூடி. தண்ணீர் சிந்திவிடும் என்று அப்போதும் மூடியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.