பெயர் சொல்லக் கூடாத ஃபைல்

அந்த மெமரி கார்டு சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அதை நியூசிலாந்திலிருந்து வனுவா லாவா தீவுக்குக் கொண்டு வந்து சேர்ப்பதற்குள், அங்கே வேலை முடிந்து ஊர் திரும்பிய ரூபனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சூயிங்கம் தாளில் மடித்து, பைபிளில் சங்கீதங்களுக்கு நடுவே வைத்து, மழையால் விமானம் கிளம்பாமல் வழியில் சாந்தோ தீவில் ஒன்பது நாள் கிடந்து, சுதந்திர தினத்தன்று காலையில்தான் சோலா ஊரின் புல்தரை ஓடுபாதையில் வந்து இறங்கினான். இறங்கியதும் கார்டை ஹென்ஸ்லியின் உள்ளங்கையில் வைத்தான்.

"இனிமே தொலைஞ்சா நான் பொறுப்பில்ல. தும்மிடாத," என்று சொல்லிவிட்டு, தன் கிராமத்துக்குப் புறப்பட்ட படகில் ஏறிப் போயே போய்விட்டான்.

ஹென்ஸ்லிக்கு அன்று மதியம் மூன்று மணிக்குப் பாட்டுப் போட்டி. அவனும் கூடப் பிறந்த நான்கு தம்பிகளும் சேர்ந்து ஒரு கிடார் குழு வைத்திருந்தார்கள். போன வருடம் மோசினா ஊர்க்காரர்களிடம் தோற்று, ஒரு வருடமாக அவர்களைக் கண்டாலே வேறு பாதையில் நடக்கிறார்கள். இந்த வருடப் பாட்டைக் கட்டிக் கொடுத்தவன் ஹென்ஸ்லியின் மனைவிக்கு அண்ணன், சாலத்தியேல். நியூசிலாந்தில் கிவித் தோட்டத்தில் கொடி வெட்டப் போய் ஏழு மாதமாகிறது. முதல் இரண்டு சரணங்களைப் போனிலேயே பாடிக் காட்டிவிட்டான். கடைசிச் சரணத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டான்.

"அது கார்டுல வருது. நான் வராட்டியும் என் பாட்டு அந்த மைதானத்துல கேக்கணும் மச்சான்," என்றிருந்தான். ஹென்ஸ்லியும் வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுப்பதற்கு முன் யோசித்திருக்கலாம்.

சாலத்தியேல் என்ற பெயரை நான் சொல்லலாம், நீங்கள் சொல்லலாம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஹென்ஸ்லி மட்டும் சொல்லக் கூடாது. அந்தத் தீவு வழக்கப்படி, பெண் கொடுத்த வீட்டு ஆண்களின் பெயர் மாப்பிள்ளை வாயில் வரக் கூடாது; எழுதவும் கூடாது, எழுதியதைப் படித்துக் காட்டவும் கூடாது. அண்ணனுக்கு மச்சான் என்றால் தம்பிகளுக்கும் மச்சான்தான், அதனால் அந்தக் குழுவில் ஐந்து வாய்க்கும் பூட்டு. மீறினால் பெயருக்கு உரியவனுக்கு ஒரு பன்றி அபராதம். இதில் தள்ளுபடியே கிடையாது. போன வருடம் துறைமுகத்தில் ஒரு லாரி பின்னால் வந்து சாலத்தியேலை இடிக்கப் பார்த்தபோது ஹென்ஸ்லி பதறிப்போய்ப் பெயரைச் சொல்லிக் கத்தினான். சாலத்தியேல் துள்ளி விலகி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "உயிரக் காப்பாத்துன மச்சான், மறக்கவே மாட்டேன். பன்னிய எப்ப கொண்டு வர?" என்று கேட்டான். ஹென்ஸ்லி கொண்டு போய்க் கொடுத்தான். வயிறு எரிந்தது, ஆனாலும் கொடுத்தான்.

கார்டைத் தன் பழைய போனில் போட்டான் ஹென்ஸ்லி. கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா என்று போன் கேட்டது.

"மரியாதையாத்தானே கேக்குது, சரின்னு சொல்லு," என்றான் கடைசித் தம்பி ரோலன்ட்.

ஹென்ஸ்லியின் கட்டை விரல் கீழே இறங்கிய நேரத்தில் போன் கையிலிருந்து பறிபோனது. பறித்தவள் லெய்மாஸ். சோலார் தகடு வைத்து போன் சார்ஜ் போட்டும், பாட்டும் படமும் ஏற்றியும் கொடுக்கிற கடை அவளுடையது. இவர்கள் நின்றுகொண்டிருந்ததும் அந்தக் கடை வாசலில்தான். எஃபாத்தே தீவுக்காரி, போலீஸ்காரப் புருஷனுக்கு மாற்றல் ஆகி சோலாவுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"அத அமுக்கியிருந்தா கார்டு கழுவிக் கவுத்த சட்டி மாதிரி ஆயிருக்கும்ணே," என்றாள். "உள்ள ஒன்னும் மிஞ்சாது."

ரோலன்ட் வேலியோரம் நகர்ந்து, வானத்தில் ஏதோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டான்.

லெய்மாஸ் கார்டை வெளியே எடுத்து, பாவாடை ஓரத்தில் துடைத்து, தன் பெரிய போனில் செருகினாள். திரையில் படங்கள் வரிசையாக வந்தன. ஹென்ஸ்லி எட்டிப் பார்த்தான். ஒரு போலீஸ்காரர் துண்டு கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

"என் மச்சான் இப்படி ஆளுங்களோடயா வேலை செய்யறான்?"

"அது என் வீட்டுக்காரரு," என்று திரையை மூடினாள் லெய்மாஸ். "போனுக்குள்ள ரெண்டு ரூம் இருக்குண்ணே. நீங்க எட்டிப் பாத்தது எங்க ரூமு. கார்டு பக்கத்து ரூமு."

பக்கத்து ரூமைத் திறந்தாள். மூவாயிரத்து நூற்று நாற்பது ஃபைல். ஃபோல்டர் பிரிக்கிற வழக்கமெல்லாம் சாலத்தியேலுக்குக் கிடையாது, அத்தனையும் ஒரே குவியல். ஒன்றைத் திறந்தாள், பிரசங்கம். இன்னொன்று துப்பாக்கிச் சண்டை. இன்னொன்றில் யாரோ நாலு நிமிடம் குறட்டை விட்டார்கள்.

"இப்படித் தேடுனா கிறிஸ்துமஸ் வந்துரும். என்ன பேருல வெச்சிருக்காருன்னு கேளுங்க."

டவருக்கு ஒரு வாரமாக உடம்பு சரியில்லை; பேசலாம், வேறொன்றும் வராது. ஹென்ஸ்லி கூப்பிட்டான்.

"என் பேருலதான் வெச்சிருக்கேன், வேற யார் பேருல வெப்பேன்?" என்றான் சாலத்தியேல். பின்னால் யாரோ அதட்டுவது கேட்டது. "முதலாளி வர்றாரு. மூணு மணிக்கு நீங்க மேடை ஏறும்போது கூப்பிடு, அப்ப எங்களுக்கு வேலை முடிஞ்சிருக்கும்." வைத்துவிட்டான்.

"என்ன பேராம்?" என்று கேட்டாள் லெய்மாஸ், தேடுகிற பெட்டியில் விரலை வைத்துக்கொண்டு.

"அவன் பேருதான்."

"அவர் பேரு?"

ஹென்ஸ்லி தொண்டையைச் செருமினான். "என் பொண்டாட்டியோட அண்ணன்."

"அது உறவுண்ணே. பேரு?"

"நல்லா உயரமா இருப்பான். இடது காதுல ஒரு மச்சம்."

"போன்ல மச்சத்தையெல்லாம் தேட முடியாது."

"தங்கச்சி, பேர மட்டும் என்கிட்ட கேக்காத. கழுத்தறுத்தாலும் வராது."

லெய்மாஸ் தம்பிகளைப் பார்த்தாள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கிடாருக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார்கள். மனைவியோ மாதர் சங்கத்தோடு பக்கத்துத் தீவுக்குப் போயிருந்தாள். ஊரே கொடியேற்றத்துக்குப் போய், தெருவில் ஆள் நடமாட்டமில்லை. நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. பாடாமல் மேடையிலிருந்து இறங்கினால் மோசினாக்காரர்கள் தன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள் என்று ஹென்ஸ்லிக்கு வியர்த்தது. அதைவிட, அங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் போகிறவனுக்கு என்ன சொல்வது?

"ஏ பொண்ணே," என்று கடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஹென்ஸ்லி சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அது மாமியார் டோர்காஸ். டார்ச்சுக்குச் சார்ஜ் போட வந்தவள், மாப்பிள்ளையைக் கண்டதும் கடைக்குப் பின்னால் போய்த் தகரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில், அங்குள்ள மரியாதைப்படி, இருவரும் முகம் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரில் இவர்களைவிட ஒற்றுமையான மாமியாரும் மாப்பிள்ளையும் கிடையாது என்று எல்லோரும் பாராட்டுவார்கள்.

"சொல்லுங்கம்மா," என்றாள் லெய்மாஸ்.

"அங்க யாரோ நிக்கிறாங்க போல. அவுங்களுக்கு நான் ஒன்னும் சொல்லல, உனக்குச் சொல்றேன். என் மகன் பேரு சாலத்தியேல்."

லெய்மாஸ் தடுப்பைப் பார்த்தாள், சுவரோடு ஒட்டி நின்ற ஹென்ஸ்லியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தட்டினாள். மூவாயிரத்து நூற்று நாற்பதும் மறைந்து ஒரே ஒரு ஃபைல் மேலே வந்து நின்றது.

முதல் இரண்டு சரணமும் தெரிந்ததுதான். மூன்றாவது சரணம் வந்தது:

*குளிரிலே கொடி வெட்டும் கையே, நீ யார் வீட்டுக் கை?*
*கடல் தாண்டிக் கேட்கிறேன், என் ஊரே நீ சொல்லு:*
*சாலத்தியேல், சாலத்தியேல், சாலத்தியேல்.*

யுகலேலே என்ற குட்டிக் கிடாரைத் தட்டிக்கொண்டிருந்த ரோலன்டின் கை நின்றது.

"ஆளுக்கு மூணு தடவ," என்றான் ரோலன்ட் மெதுவாக. "அஞ்சு பேரு. பதினஞ்சு பன்னி."

ஹென்ஸ்லிக்குக் கோபம் தலைக்கேறியது. "பாத்தியா அவன் வேலைய. அங்க உக்காந்துக்கிட்டு என் பட்டியக் காலி பண்ணத் திட்டம் போட்டிருக்கான். லாரிகிட்டேயே விட்டிருக்கணும் அவன."

மாமியார் காதில் விழுந்துவிட்டதே என்று ஹென்ஸ்லி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பொண்ணே," என்றாள் டோர்காஸ். "உனக்கு ஒரு சேதி சொல்றேன், கேட்டுக்க. என் மகன் போன மாசம் பேசும்போது சொன்னான். அந்தத் தோட்டத்துல இவன் பேரு யார் வாயிலயும் நொழையலியாம். சட்டையில நம்பர் போட்டுக் குடுத்திருக்காங்களாம். பதினேழு. சாப்பிடக் கூப்பிட்டாலும் பதினேழு, திட்டுனாலும் பதினேழு. ஏழு மாசமா அவன் பேர ஒருத்தரும் முழுசாக் கூப்பிடலம்மா. அவன் பன்னிக்காகப் பாட்டுக் கட்டல."

லெய்மாஸ் இதை ஹென்ஸ்லியிடம் திருப்பிச் சொல்லத் திரும்பினாள். அவசியமிருக்கவில்லை. ஹென்ஸ்லி சுவரைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடத்துக்கு முன் சொன்னதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"தங்கச்சி," என்றான், "அங்க யாராச்சும் உக்காந்திருந்தா அவுங்ககிட்ட சொல்லு. பாட்டு மைதானத்துல கேக்கும்."

எப்படிக் கேட்கும் என்று அவனுக்கே அப்போது தெரியாது.

மூன்று மணிக்கு மோசினாக்காரர்கள் பாடி, கைதட்டல் வாங்கி, சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அடுத்து ஐந்து சகோதரர்களும் ஏறினார்கள். லெய்மாஸ் மேடையை ஒட்டி நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், மறுமுனையில் சாலத்தியேல். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதில் ஹென்ஸ்லி "என் ஊரே நீ சொல்லு" என்று இழுத்து நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். தம்பிகளும் வாயை மூடினார்கள். கிடார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்குப் புரியவில்லை. பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்து மோசினாக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஹென்ஸ்லி அடியைத் திரும்பப் பாடினான். திரும்பவும் நிறுத்தினான்.

அப்போது பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பக்கத்தில், மேடைக்கு முதுகைக் காட்டியபடி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சாலத்தியேல்," என்று கூப்பிட்டாள், தோட்டத்திலிருந்து பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

பிறகு சொல்ல வேண்டுமா? யார் பாட்டு, இவர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது ஊருக்கு விளங்கிவிட்டது. அடுத்த முறை நிறுத்தியபோது முந்நூறு பேரும் சேர்ந்து கத்தினார்கள். மூன்று தடவை போதவில்லை என்று ஒன்பது தடவை கத்தினார்கள். பாதிரியார் கத்தினார், லெய்மாஸின் போலீஸ்காரப் புருஷன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கத்தினார். கடைசியில் மோசினாக்காரர்களும் கத்தினார்கள். முதல் பரிசு மோசினாவுக்குத்தான் போனது; கூட்டத்தைப் பாட வைத்ததற்குப் பரிசு தர விதியில் இடமில்லை என்று நடுவர் விளக்கம் வேறு சொன்னார். ஹென்ஸ்லி அதைக் காதில் வாங்கவே இல்லை. இறங்கி ஓடி வந்து போனை வாங்கினான்.

"மச்சான், இருக்கியா?"

"இருக்கேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இங்க குளிரு ஜாஸ்தி."

"நாங்க அஞ்சு பேரும் வாயே தொறக்கல. முந்நூறு பேரு சாட்சி. பன்னி கெடையாது, சொல்லிட்டேன்."

"உண்டு மச்சான், ஒன்னு உண்டு. அன்னிக்கி லாரிக்கு முன்னாடி என் பேரச் சொன்னதுக்கு உன்கிட்ட வாங்குனேன் பாரு. வந்ததும் அத நான் உனக்குத் திருப்பித் தரேன்."

பின்னால் யாரோ லெய்மாஸிடம் பேசுவது கேட்டது.

"பொண்ணே, அந்தப் போன வெச்சிருக்கறவரு பேசி முடிச்சா குடுக்கச் சொல்லு."

ஹென்ஸ்லி திரும்பிப் பார்க்காமல் போனைப் புல்லின் மேல் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றான். டோர்காஸ் வந்து எடுத்துக்கொண்டாள். மகனிடம் கேட்க அவளிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்காமல், அவன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.